இருநூற்றுப் பன்னிரண்டு மயில்கள்

தமிழ்மதி சும்மா நின்று யாரும் பார்த்ததில்லை. பஸ் நிறுத்தத்தில் நாலு பேர் நின்றால்கூட, அவர்களை உயரவாரியாக மாற்றி நிறுத்தினால் எப்படி இருக்கும் என்று அவள் மனம் யோசிக்கும். பனியன் கம்பெனியில் ஒன்பது வருடம் லைன் சூப்பர்வைசராக இருந்ததன் வினை அது. இருபத்து நான்கு மெஷின் வரிசையாகக் கிடக்கும். ஒருவர் தோள் மூட்டுவார், அடுத்தவர் கை வைப்பார், அதற்கடுத்தவர் காலர் வைப்பார். ஒரு முனையில் வெட்டிய துணியாகப் போவது மறுமுனையில் சட்டையாக வெளியே வந்தாக வேண்டும். நடுவில் எவரிடமாவது நாலு பீஸ் தேங்கினால் தமிழ்மதிக்கு மூச்சு முட்டிவிடும். அவள் செருப்புச் சத்தம் கேட்டால் பேசிக்கொண்டிருக்கிற டைலர்கூட வாயை மூடிக்கொள்வார் என்று கம்பெனியில் பேர் வாங்கியிருந்தாள்.

இப்பேர்ப்பட்டவளுக்குள் ஓர் ஓவிய டீச்சர் இருந்தாள் என்பதுதான் வேடிக்கை. ஞாயிற்றுக்கிழமை ஊரே கறிக்கடையில் நிற்கும்போது இவள் பென்சில் சீவிக்கொண்டிருப்பாள். அரசு ஓவியத் தேர்வில் லோயர், ஹையர் இரண்டும் எழுதித் தேறினாள். ஆசிரியர் சான்றிதழும் வாங்கினாள். முப்பத்து நாலாவது வயதில், வீரபாண்டிப் பக்கம் ஒரு நடுநிலைப்பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுக்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அப்படியே கிளம்பிவிட்டாள். தறி ஓட்டிப் பிள்ளைகளை வளர்த்த அவள் அப்பா, “நல்ல வேலைய உட்டுப்போட்டு கலர் அடிக்கப் போறயா கண்ணு?” என்று கேட்டார். அவள் அதற்குள் நாலு கலர்ப் பெட்டி வாங்கி வந்திருந்தாள்.

தலைமையாசிரியர் சாமியப்பன் முதல் நாளே உள்ளதைச் சொல்லிவிட்டார். “ஒரு வருசத்துக்குத்தானுங்க டீச்சர். பெத்தவங்க சேர்ந்து போட்டிருக்கிற வேலை. அடுத்த வருசம் வேணுமா வேண்டாமான்னு அவங்க கமிட்டிதான் முடிவு பண்ணோணும்.”

அந்தக் கமிட்டியின் தலைவி கருத்தம்மா. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். ஒரு கம்பெனியில் காலர் வைக்கிற டைலர். மகன் மாதவன் ஏழாம் வகுப்பு, மகள் நதியா இரண்டாம் வகுப்பு. நதியா வாயைத் திறந்து பேசுவது அபூர்வம். பேர் கேட்டால்கூடக் கீழே பார்த்துக்கொண்டு நிற்கிற பிள்ளை. அதுதான் கருத்தம்மாவின் பெரிய கவலை. கம்பெனிக்கு ஆபீசர்கள் வந்து ஏதாவது கேட்டால் தனக்கும் வாய் வருவதில்லை, தன் மகளும் அப்படி ஆகிவிடக் கூடாது என்று அவள் நினைத்தாள். ஆகவே ஓவியத்துக்கு விட்டிருக்கிற இரண்டு பீரியடையும் எடுத்து ஸ்போக்கன் இங்கிலீஷ் வைக்க வேண்டும் என்று ஜனவரிக் கூட்டத்திலேயே எழுந்து சொல்லிவிட்டாள். பாதிப் பேர் அவள் பக்கம் தலையாட்டினார்கள்.

“பிப்ரவரி கடைசி ஞாயித்துக்கெழம ஒரு கண்காட்சி வெச்சுரலாமுங்க,” என்றார் சாமியப்பன். “ஆளுக்கொரு படம். இருநூத்திப் பன்னெண்டு புள்ளைக, இருநூத்திப் பன்னெண்டு படம். காலையில பெத்தவங்க வந்து பாக்கட்டும். பன்னெண்டு மணிக்குக் கமிட்டி உக்காரட்டும். அப்பறம் முருகன் விட்ட வழி.”

தமிழ்மதிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தாளுக்குப் பஞ்சமில்லை. அவள் பழைய கம்பெனியில் துணி வெட்டுவதற்கு அளவுக் கோடு, பேட்டர்ன் போடுகிற ஜெயபாண்டி, ஆர்டர் நின்றுபோய் வெட்டாமல் கிடந்த தாள் சுருள்களை டெம்போவில் ஏற்றி அனுப்பியிருந்தார். ஒரு பக்கம் சட்டைக் கை, முதுகு, கழுத்து என்று கோடு கோடாக அச்சு இருக்கும். அடுத்த பக்கம் பளிச்சென்று வெள்ளை. அவளே உட்கார்ந்து சம அளவாக வெட்டி அடுக்கினாள். கண்காட்சி வேலையின் முதல் நாள் எல்லா வகுப்புக்கும் ஆளுக்கொரு தாள் கொடுத்து, “உங்களுக்குப் பிடிச்சதை வரைங்க சாமி,” என்றாள்.

ஒன்றாம் வகுப்பு இருக்கிறதே, அதற்குப் பயம் என்பதே கிடையாது. தாள் தீர்ந்ததும் பெஞ்சில் வரைந்தார்கள், பெஞ்சு தீர்ந்ததும் பக்கத்தில் இருக்கிறவன் சட்டையில் வரைந்தார்கள். இவ்வளவையும் செய்துவிட்டு, இது புயல், இது பேட்டரி, இது எங்க மாமா என்று விளக்கமும் சொன்னார்கள். நாலாம் வகுப்பு நேர்மாறு. ஸ்கேலை வைத்து ஒரு வீடு, அழித்து இன்னொரு வீடு, கடைசியில் தாளில் வீட்டைவிட ரப்பர்த் தூள் அதிகம். ஏழாம் எட்டாம் வகுப்புகளை என்னவென்று சொல்ல? மீசை அரும்புகிற வயது. நாலு பேர் சிரித்துவிடுவார்களோ என்று, “எங்களுக்கு வராதுங்க டீச்சர்,” என்று வெள்ளைத் தாளை அப்படியே திருப்பிக் கொடுத்தார்கள். மாதவன் தன் தாளை மடித்து ராக்கெட் விட்டான். அது நன்றாகத்தான் பறந்தது.

மூன்று நாள் இதே கூத்து. கண்காட்சிக்கு இன்னும் பதினெட்டு நாள்தான் இருந்தது. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். தமிழ்மதி அன்று வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றுகொண்டிருக்கும்போதே அவளுக்குள் இருந்த சூப்பர்வைசர் விழித்துக்கொண்டாள். சின்னதுகளுக்கு வண்ணம் அடிக்க வருகிறது. நடுவில் இருப்பவர்களுக்குக் கோடு நேராக வருகிறது. பெரியவர்களுக்குக் கை நிதானம் இருக்கிறது. அவரவருக்கு வருகிற வேலையை அவரவரிடம் கொடுத்தால் தீர்ந்தது. இது ஏன் தனக்கு முதலிலேயே தோன்றவில்லை என்று அவளுக்கு அவள் மேலேயே கோபம் வந்தது.

மறுநாள் பள்ளிக்கூடத்துப் பெரிய ஹாலில் லைன் ஓடத் தொடங்கியது. கரும்பலகையில் தமிழ்மதி வரைந்த மயில் ஒன்று சேம்பிளாகத் தொங்கியது. முருகன் கோயில் வாகனம் மாதிரி கழுத்தை நிமிர்த்தி நிற்கிற மயில். நாலாம் ஐந்தாம் வகுப்பு உடம்புக்கு வெளிக்கோடு போடும். அது நகர்ந்து இரண்டாம் வகுப்புக்கு வந்தால் கழுத்துக்கு நீலம். ஒன்றாம் வகுப்பு காலுக்கு மஞ்சள். மூன்றாம் வகுப்பு தோகைக்குப் பச்சை. ஆறாம் வகுப்பு கொண்டை. ஏழும் எட்டும் கண்ணும் மூக்கும். மூலையில் ஒரு பெட்டி, அதில் கெட்டுப்போன டேமேஜ் பீஸ்கள். தமிழ்மதி கையைத் தட்டிக்கொண்டே வரிசையோடு நடந்தாள். “பீஸ் தேங்கக் கூடாது கண்ணுகளா. அடுத்த டேபிளுக்குத் தள்ளு, தள்ளு.”

பிள்ளைகளுக்கு இது ஒரே கொண்டாட்டமாக இருந்தது. அப்பாவும் அம்மாவும் இரவுச் சாப்பாட்டில் பேசுகிற பேச்சு அத்தனையும் இப்போது அவர்கள் வாயில். “ஏய், ஃபீடிங் குடு, கையில பீஸ் இல்ல.” “டார்கெட் என்னாச்சு?” கண் வைக்கிற மேசையில் மாதவன் ஒருவனே இருந்ததால் அங்கே மயில் மலையாகக் குவிந்தது. தமிழ்மதி சட்டென்று இன்னும் இரண்டு பேரை அங்கே மாற்றினாள், குவியல் கரைந்தது. தாளை ராக்கெட்டாக்கி விட்ட மாதவன் இப்போது நிமிடத்துக்கு ஒரு கண் போட்டான். சாமியப்பன் வாசலில் நின்று பார்த்துவிட்டு, “அடேங்கப்பா, பள்ளிக்கூடமா கம்பெனியா இது?” என்றார். அவர் பாராட்டித்தான் சொன்னார், அவளும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, இரண்டாம் வகுப்பு மேசையில் ஒரு பீஸ் நகராமல் நின்றது. நதியா நீலக் கிரேயானைப் பிடித்துக்கொண்டு மயிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன சாமி?”

“இது எங்க போவுது டீச்சர்?” அந்தப் பிள்ளை அவளிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

“அது எங்கயும் போகல கண்ணு. சும்மா நிக்குது. நீ கழுத்த அடி.”

நதியா கழுத்தை அடித்தாள். அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. பீஸ் நகர்ந்ததில் தமிழ்மதிக்கு நிம்மதி.

சனிக்கிழமை மதியத்துக்குள் இருநூற்றுப் பன்னிரண்டும் முடிந்தன. ஹால் நீளத்துக்குக் கயிறு கட்டி, துணி காயப்போடுகிற கிளிப்பால் மாட்டினார்கள். எட்டு வரிசை. எல்லா மயிலும் ஒரே பக்கம் பார்த்து நின்றன. ஒன்றின் காலும் கூடுதல் உயரம் இல்லை, ஒன்றின் கொண்டையும் கோணல் இல்லை. “ஒவ்வொண்ணுக்குக் கீழயும் பேரு ஒட்டோணுமுங்க டீச்சர், அப்பத்தான் பெத்தவங்களுக்குச் சந்தோசம்,” என்றார் சாமியப்பன். எதற்கு எந்தப் பேர்? தமிழ்மதி ஒரு கணம் தயங்கினாள். பிறகு வருகைப் பதிவேட்டை எடுத்துவைத்து, முதல் மயிலுக்கு முதல் பேர், இரண்டாவதற்கு இரண்டாவது பேர் என்று கடகடவென்று ஒட்டி முடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கே ஹாலில் நிற்க இடமில்லை. பெற்றவர்கள் உள்ளே வந்ததும் அப்படியே நின்றார்கள். போன்கள் மேலே உயர்ந்தன. “அச்சுல வார்த்தாப்புல இருக்குதுங்க டீச்சர்,” என்றார் ஒரு தகப்பன். இன்னொருவர் பொடிசாகக் கிடைத்த இடைவெளியில் நின்று வீடியோ எடுத்து ஊரிலிருக்கிற மாமனாருக்கு அனுப்பினார். தமிழ்மதிக்கு நெஞ்சு கொள்ளவில்லை. புதுச் சேலையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தாள். வேலை நிச்சயம், இரண்டு பீரியடும் நிச்சயம் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

பத்தேகால் மணிக்குக் கருத்தம்மா வந்தாள். நதியாவின் பேர் ஒட்டிய மயிலைத் தேடிப் பிடித்து, அதன் முன்னால் மகளை நிறுத்திப் போட்டோ எடுக்கப் போனாள். நதியா அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

“இது எனக்குள்ளது இல்லம்மா.”

“பேரு போட்டிருக்கே, ஏட்டி.”

“நான் கழுத்து மட்டுந்தான் அடிச்சேன். எல்லாத்துக்கும் கழுத்து. காலு ஒண்ணாங்கிளாஸ் தவசி அடிச்சான். கண்ணு அண்ணன்.”

கருத்தம்மா அந்த மயிலைப் பார்த்தாள், பக்கத்து மயிலைப் பார்த்தாள், வரிசையின் கடைசிவரை பார்த்துவிட்டு வந்தாள். பிறகு தமிழ்மதியிடம் வந்து, குரலை உயர்த்தாமல் பேசினாள்.

“டீச்சர், பதினோரு வருசமா நான் காலர் வச்சுக்கிட்டு இருக்கேன். ஒரு நாளைக்கு எழுநூறு காலர். ஒரு சட்டையக்கூட நான் முழுசாத் தச்சது கெடையாது. ரோட்டுல எவனாவது எங்க கம்பெனிச் சட்டையப் போட்டுக்கிட்டுப் போனா, இது நான் தச்சதுன்னு சொல்லிக்கிட முடியாது. பொழப்புக்கு வந்த எடம், நான் செய்யுதேன். எம் புள்ளைக்கும் இதத்தான் சொல்லிக் குடுக்கீகளா?”

தமிழ்மதி முகத்தில் ஈயாடவில்லை. கருத்தம்மா மாதிரி எத்தனை காலர் டைலர்கள் அவளுடைய லைனில் இருந்திருப்பார்கள். அவர்களில் ஒருத்திகூட இப்படி நேருக்கு நேர் பேசியதில்லை, பேச இவள் விட்டதும் இல்லை. வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். கும்பல் நடுவில் அழுதுவிடக் கூடாது என்று கயிற்றில் தொங்குகிற மயில்களைப் பார்த்தாள். இருநூற்றுப் பன்னிரண்டும் ஒரே பக்கம் பார்த்து நின்றன. இதில் எந்தப் பிள்ளை எங்கே இருக்கிறது என்று அவளுக்கே தெரியவில்லை.

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கையைத் தட்டினாள். “கண்ணுகளா, எல்லாத்தையும் எறக்குங்க.”

சாமியப்பன் ஓடி வந்தார். “ஏனுங்க டீச்சர், என்ன பண்றீங்க? பன்னெண்டு மணிக்குக் கமிட்டிங்க.”

“இன்னும் ஒண்ணே முக்கா மணி நேரம் இருக்குதுங்க சார். பேரு போட்டது பொய்யிங்க. நாந்தான் போட்டேன். அத மாத்தியாகோணும்.”

“வேற தாளு இல்லீங்களே.”

வேறு தாள் இல்லைதான். சுருள் அத்தனையும் மயிலாகிவிட்டிருந்தது. தமிழ்மதி ஒரு மயிலைத் திருப்பினாள். பின்பக்கம் முழுக்க அச்சுக் கோடுகள். ஒன்றில் முழுச் சட்டைக் கை, ஒன்றில் பாதி முதுகு. “இந்தக் கோட்டையெல்லாம் கண்டுக்காதீங்க சாமி. ஆளுக்கொண்ணு எடுத்து, இந்தப் பக்கத்துல உங்களுக்குத் தோணுனத வரைங்க,” என்றாள். அப்படிச் சொன்னாளே தவிர, பழைய கூத்துதான் நடக்கப்போகிறது, எட்டாம் வகுப்பு வெறும் தாளைத்தான் நீட்டப்போகிறது என்றுதான் அவள் நினைத்தாள்.

ஆனால் பிள்ளைகள் முதலில் கண்டுகொண்டதே அந்தக் கோடுகளைத்தான். ஒன்றாம் வகுப்புத் தவசி தாளைத் தலைகீழாகத் திருப்பினான், பக்கவாட்டில் திருப்பினான், பிறகு சட்டைக் கையின் வளைவில் விரலை வைத்து, “டீச்சர், ஆனை,” என்றான். பார்த்தால் ஆனைதான். நெற்றி மேடு, கீழே தும்பிக்கைக்கு இடம். இரண்டு காது போட்டதும் அது அசையாத குறை. அவ்வளவுதான், ஹால் முழுக்கத் தாள்கள் சுற்றத் தொடங்கின. ஒருத்திக்கு அதே சட்டைக் கை கோயில் மணியானது. ஒருவனுக்கு மீன் பிடிக்கிற வலை. ஐந்தாம் வகுப்பில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பிள்ளை, தமிழில் பத்து வார்த்தை தெரியாதவள், முதுகுத் துண்டைக் கடலாக்கி அதில் நூறு படகு விட்டாள்.

பெரிய வகுப்புகளைத்தான் தமிழ்மதி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். வெள்ளைத் தாளைக் கண்டால் மிரளுகிறவர்களுக்கு, ஏற்கெனவே கோடு விழுந்த தாள் பயம் காட்டவில்லை. முதல் கோட்டை யாரோ போட்டுவிட்டார்கள், இரண்டாவதைப் போட என்ன கூச்சம்? மாதவனுக்கு வந்தது சட்டையின் கழுத்துப் பகுதி. அவன் வெகுநேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கிடுகிடுவென்று இழுத்தான். கபடிக் கோட்டில் குனிந்து நிற்கிற ஒருவனின் முதுகு வந்தது, தொடை வந்தது, தரையைத் தொடுகிற கை வந்தது. பக்கத்திலிருந்தவன், “மாதவா, உனக்கு வருதுடா,” என்றான். மாதவன் காதில் அது விழவே இல்லை.

பெற்றவர்களும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு தகப்பன் ஆசை தாங்காமல் கிரேயானை எடுத்து மகளின் படத்தில் சூரியன் போடப் போனார். “அப்பா, நீங்க தொடாதீங்க. இது என்னோடது,” என்றது அந்தப் பிள்ளை. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்துக்கொண்டே கிரேயானை வைத்தார். தமிழ்மதிக்குக் கை பரபரத்தது. ஒருவன் ஒரே மூலையில் எல்லாவற்றையும் திணிக்கிறான், ஒருத்தி மரத்துக்குச் சிவப்பு அடிக்கிறாள். திருத்தச் சொல்லி வாய் வரை வந்தது. கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, “இது என்ன கண்ணு?” என்று மட்டும் கேட்டுக்கொண்டே போனாள். கேட்டவுடன் கொட்டினார்கள். ஒன்பது மாதத்தில் அவள் கேட்காத கதைகளெல்லாம் ஒரு மணி நேரத்தில் வந்தன. அவளுக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை.

பன்னிரண்டு மணிக்குச் சாமியப்பன் தீர்மான நோட்டோடு வந்து, கமிட்டிக்காரர்களை நாற்காலிகளில் உட்காரவைத்தார். தலைவி நாற்காலி காலியாக இருந்தது. கருத்தம்மா தூண் பக்கத்தில் தரையில், நதியாவின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். சட்டைக் கையின் வளைவு அந்தத் தாளில் மலையாகியிருந்தது. உச்சியில் ஒரு சின்னப் பெண். அடிவாரத்தில் ஒரு வேன், அதன் ஜன்னலில் வேன் அளவுக்குப் பெரிய ஒரு முகம்.

“இது ஆருட்டி?” என்று கேட்டாள் கருத்தம்மா.

“நீதாம்மா. கம்பெனி வேன்ல வர்ற. இது நான். மலை மேல நிக்கேன். கீழ நின்னா சுவரு மறைக்கும்மா. மேல நின்னா வேன் சந்துல திரும்புறது அங்கயே தெரிஞ்சிரும். தெரிஞ்சதும் நான் எறங்கி ஓடி வந்துருவேன்.”

“டிரைவரக் காணுமே?”

“அவரு டீ குடிக்கப் போயிட்டாரு. அதான் நீ லேட்டு. அவரு தெனமும் டீ குடிக்காரும்மா. இது ஒரு நாயி, அதுவும் எங்கூட நிக்கும். அதுக்குப் பசிக்கும், ஆனா அது போவாது. இது மழை. அன்னைக்கு மழை பேஞ்சுச்சுல்லா, அன்னைக்கு நான் எம்புட்டு நேரம் நின்னேன் தெரியுமா…”

தினமும் சாயங்காலம் ஆறரை மணிக்கே தன் மகள் வேனை எதிர்பார்த்துக் காம்பவுண்டுச் சுவரோரம் கால் கடுக்க நிற்கிறாள் என்பதே கருத்தம்மாவுக்கு இப்போதுதான் தெரிந்தது. நதியா நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தாள்.

“தலைவியம்மா, மணி பன்னெண்டேகால் ஆச்சுங்க,” என்றார் சாமியப்பன். “எல்லாரும் காத்திருக்கறாங்க.”

“இருங்க சார்,” என்றாள் கருத்தம்மா, திரும்பாமல். “எம் புள்ள இன்னும் சொல்லி முடிக்கல.”

கமிட்டி காத்திருந்தது. நதியா மழையைச் சொல்லி, நாயைச் சொல்லி, மலைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பதையும் சொல்லி முடித்தாள். கருத்தம்மா முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய் நாற்காலியில் உட்கார்ந்து, நோட்டை இழுத்தாள்.

“அப்ப ஸ்போக்கன் இங்கிலீஷுங்க?” என்று ஓர் உறுப்பினர் கேட்டார்.

“புள்ள பேசணும்னுதான கேட்டேன். இந்தா, பேசுதாளே.”

மற்றவர்களும் தலையாட்ட, எழுதிக் கையெழுத்துப் போட்டு நோட்டைத் தமிழ்மதியிடம் நீட்டினாள். அடுத்த வருடமும் இதே டீச்சர், வாரத்துக்கு இரண்டு பீரியட் ஓவியம், எல்லா வகுப்புக்கும், அவரவர் படத்தை அவரவரே வரைய வேண்டும் என்று எழுதியிருந்தது. தமிழ்மதிக்குக் கண்ணீர் மறைத்ததில் எழுத்து சரியாகத் தெரியவில்லை. துடைத்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.